கோப்பையை அடகு வைத்த கிளப்

(ஊர்க் கால்பந்துக் கிளப் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கிளப்பின் வரலாறு என்றால் வாங்கிய கோப்பைகளையும் போட்ட கோல்களையும் வரிசையாகச் சொல்வது வழக்கம். நான் இன்றைக்கு வேறொரு கிளப்பின் கதையை அதன் கணக்கு நோட்டின் பக்கத்திலிருந்து சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். யார் செலவு செய்தார்கள், யார் கூலியை விட்டுவிட்டு வந்து ஆடினார்கள் என்ற பக்கம் அது. பெரும்பாலும் யாரும் அதைப் புரட்டுவதில்லை.

அந்தக் கிளப்பின் பெயர் வெஸ்ட் ஆக்லண்ட். ஆக்லண்ட் என்றதும் நியூசிலாந்து என்று நினைத்துவிடாதீர்கள். இது இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் மாவட்டத்தில் இருக்கும் ஒரு கிராமம். நிலக்கரி வெட்டிப் பிழைத்த வட்டாரம். 1893-இல் கிளப் தொடங்கியது. அவர்கள் ஆடிய நார்தர்ன் லீக் அதற்கும் முந்தையது, 1889-இல் ஆரம்பித்தது. இன்றும் நடக்கிறது.

அப்போது இங்கிலாந்தில் பந்தாட்டம் இரண்டு பிரிவாக இருந்தது. 1885-இல் காசு வாங்கிக்கொண்டு ஆடுவதை அனுமதித்துவிட்டார்கள். ஆனால் 'அமெச்சூர்' என்று பதிந்தவர் ஒரு பைசா வாங்கக் கூடாது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெருமை. சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறவருக்கு? ஒரு ஷிப்டு இறங்காவிட்டால் அந்த ஷிப்டுக்கான கூலி போச்சு. வெளியூர் ஆட்டம் என்றால் கூலியும் போகும், வண்டிச் செலவும் சேரும். ஒரே விதிதான், ஆனால் ஒருவருக்கு அலங்காரம், இன்னொருவருக்கு அபராதம். பின்னாளில் ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர் ஷூவை எடுத்தால் உள்ளே சில காசுகள் இருக்கும் என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. அதைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 1974-இல் அந்தப் பாகுபாட்டையே எடுத்துவிட்டார்கள்.

சரி, கோப்பைக்கு வருவோம். சர் தாமஸ் லிப்டன் இத்தாலியில் டூரின் நகரத்தில் ஒரு சர்வதேசப் போட்டிக்கு வெள்ளிக்கோப்பை ஒன்றைக் கொடுத்தார். ஆமாம், தேயிலை லிப்டன்தான். 1890-இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கியவர். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்து லயம் என்ற வரிசை வீடுகளில் படுத்தவர்கள் இங்கிருந்து கடல் கடந்து போன நம் மக்கள். அந்தக் கோப்பையின் வெள்ளியில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இதை அநேகமாகச் சொல்வதில்லை. நாமாவது சொல்லிவைப்போம்.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) அணி அனுப்ப மறுத்துவிட்டது. பெரிய கிளப்புகள் போகவில்லை. 1909-இல் போனது வெஸ்ட் ஆக்லண்ட். லீக் பட்டியலில் அப்போது அவர்கள் கீழே கிடந்தார்கள். அதனால் ஒரு கதை கிளம்பிவிட்டது: அழைப்பு உண்மையில் லண்டனின் உல்விச் ஆர்செனலுக்குப் போக வேண்டியது, ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் (W.A.) ஒன்றாக இருந்ததால் தவறிப்போய் இவர்களிடம் வந்துவிட்டது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரம் கிடையாது. எனக்கு அந்தக் கதை பிடிக்கவும் இல்லை. வீட்டுச் சாமானை விற்று வழிச்செலவுக்குப் பணம் புரட்டினார்கள் என்று சொல்லப்படுகிற மனிதர்களை, தபால்காரரின் தவறால் போய்ச் சேர்ந்தவர்களாக அது காட்டுகிறது.

போய் என்ன செய்தார்கள்? ஸ்டுட்கார்ட் அணியை 2-0. இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியை 2-0. கோப்பையோடு ஊர் திரும்பி, மறுபடியும் சுரங்கத்தில் இறங்கினார்கள். 1911-இல் கோப்பையைத் தக்கவைக்க மீண்டும் டூரின். சூரிச் அணியை 2-0. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது யுவென்டஸ். 6-1! இன்றைக்கு உலகம் அறிந்த அந்த யுவென்டஸை, அதன் சொந்த ஊரிலேயே. முதல்முறை போனது குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஸ்கோரே பதில். இருமுறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே நிரந்தரமானது.

இதை 'முதல் உலகக் கோப்பை' என்று அந்த ஊரில் எழுதிவைத்திருக்கிறார்கள். நான்கே அணிகள் ஆடிய போட்டி அது. அசல் உலகக் கோப்பை 1930-இல் உருகுவேயில்தான் தொடங்கியது. பட்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் செய்தது குறையவில்லை என்பதுதான் என் எண்ணம்.

இரண்டாவது பயணம் கிளப்பைக் கடனில் தள்ளியது. அப்போது நடந்ததுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் பிடித்து நிறுத்துவது. கையில் விற்கும்படியாக வேறு எதுவும் இல்லை. கிளப் கூடும் இடம் ஊரில் இருந்த ஒரு விடுதி. அதை நடத்திய அம்மாவிடம் 40 பவுன் கடன் வாங்கி, யுவென்டஸை வென்று கொண்டுவந்த கோப்பையையே ஈடாக வைத்தார்கள். நம் வீடுகளில் தாலிக்கொடி அடகுக்குப் போவது போலத்தான். அப்புறம் இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. கோப்பை அந்தக் குடும்பத்திடமே இருந்தது.

1960-இல் ஊரே வசூல் செய்தது. 100 பவுன் கொடுத்து மீட்டார்கள். கவனியுங்கள், மீட்டவர்களில் பெரும்பாலோர் டூரின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இல்லை. அப்பா சொல்லி, தாத்தா சொல்லிக் கேட்டவர்கள். என்னைக் கேட்டால், கிளப்பின் பெரிய வெற்றி அந்த 6-1 இல்லை, இந்த 100 பவுன்தான். அடுத்த ஆண்டே, 1961-இல், கிளப் அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்துக்கு வெம்ப்ளி மைதானம் வரை போனது. வால்தம்ஸ்டோ அவென்யூ அணியிடம் 1-2 தோல்வி.

பக்கத்து ஊர் பிஷப் ஆக்லண்டையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அமெச்சூர் கோப்பையை 10 முறை வென்றவர்கள். 1958-இல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்து நின்றபோது, உதவிக்குத் தங்கள் ஆட்டக்காரர்கள் மூவரை அனுப்பியது இந்தக் கிளப்தான்.

டர்ஹாமின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிச் சுரங்கம் நின்றது 1993-இல். 1994 ஜனவரியில் லிப்டன் கோப்பையும் திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் அதே அச்சில் இன்னொன்று செய்து வைத்துக்கொண்டார்கள். கிளப் ஆடுவதை நிறுத்தவில்லை. 2012-லும் 2014-லும் சிறு கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வாஸ் இறுதியாட்டத்துக்காக வெம்ப்ளிக்குப் போனார்கள். இரண்டு முறையும் தோற்றார்கள்.

இப்போது நம் பொருளாளர் இந்த ஆண்டின் வரவு செலவை வாசிக்கப்போகிறார். அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர் ஆட்டத்துக்காக நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பையன்களின் பெயரையும், வேன் டீசலுக்குக் கைக்காசு போட்டவர் பெயரையும், கோல் போட்டவர் பெயருக்குப் பக்கத்திலேயே தேதியோடு எழுதுங்கள். இந்த ஆண்டு நோட்டிலிருந்தே ஆரம்பித்துவிடலாம். வணக்கம்.