25-உடன் 25-ஐக் கூட்டினால் 75 வருமா? குவாண்டம் உலகில் நம் கணக்கு தோற்கும் இடம்

[திரையில்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விடைத்தாள்கள்]

இரண்டு விடைத்தாள்கள். ஒவ்வொன்றிலும் 100 கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் எழுதியிருக்கிறது. இரண்டு தாளிலும் பதில்கள் அச்சு அசலாக ஒன்றே. இப்போது இடது தாளில் ஏதோ 25 பதில்களை மாற்றுகிறேன். வலது தாளிலும் ஏதோ 25 பதில்களை மாற்றுகிறேன். எந்தெந்தக் கேள்விகள் என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அதிகபட்சம் எத்தனை இடங்களில் பதில் வேறுபடும்?

வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

50. இரண்டு பக்கமும் வெவ்வேறு கேள்விகளில் கை வைத்திருந்தால் 50. ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால் அந்த இடத்தில் பதில் மறுபடி ஒன்றாகிவிடும், எண்ணிக்கை குறையும். குறையலாம், ஆனால் 51 ஆக வழியே இல்லை. இதற்கு இயற்பியல் தேவையில்லை. விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

ஆனால் ஒளியை வைத்து இதே கணக்கைப் போட்டால் 75 வருகிறது.

[தலைப்புத் திரை]

வணக்கம். குவாண்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெட்டிக்குள் உயிரோடும் செத்தும் இருக்கும் பூனை. 1935-இல் ஷ்ரோடிங்கர் சொன்ன கற்பனைச் சோதனை அது. அந்தப் பூனை இன்று வேண்டாம். ஏனென்றால் அதைக் கேட்டால் "ஏதோ தத்துவம் பேசுகிறார்கள்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 75 அப்படியில்லை. அது ஆய்வகத்தில் அளந்து பார்த்த விஷயம். என் கருத்தில் குவாண்டம் விசித்திரத்தின் உயிர்நாடியே இந்த ஓர் எண்தான்.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1900-இல் மாக்ஸ் பிளாங்க், சூடான பொருள் ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் வெளியிடுகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது என்றார். 1905-இல் ஐன்ஸ்டைன், ஒளியே பொட்டலங்களாகத்தான் வருகிறது என்றார். அந்தப் பொட்டலத்தைத்தான் இன்று ஃபோட்டான் என்கிறோம். 1925, 26-இல் ஹைசன்பெர்கும் ஷ்ரோடிங்கரும் முழுக் கணிதத்தையும் எழுதிவிட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் போனின் சிப் அந்தக் கணிதத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. முன்கதை இவ்வளவு போதும்.

எண்ணிக்கை பிசகுவதற்கு முதலில் ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்தது இது.

[திரையில்: இரண்டு நாணயங்கள் சுழல்கின்றன]

இரண்டு நாணயங்களைச் சுண்டுகிறோம். இரண்டிலும் தலை விழ எவ்வளவு வாய்ப்பு? நான்கில் ஒன்று. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று நான்கு வகை. சரி. இப்போது நாணயங்களுக்குப் பதிலாக இரண்டு ஃபோட்டான்கள், தலைக்கும் பூவுக்கும் பதிலாக அவை இருக்கக்கூடிய இரண்டு நிலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டான்களில் 'இது முதலாவது, அது இரண்டாவது' என்று அடையாளம் வைக்கவே முடியாது. அதனால் தலை-பூ, பூ-தலை என்ற இரண்டும் அங்கே ஒரே வகை. ஆக மொத்தம் மூன்றே வகை. இரண்டும் தலையாக இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று!

இரண்டு நாணயங்கள் எவ்வளவுதான் ஒன்றுபோல இருந்தாலும் நான்கில் ஒன்றுதான் வரும். ஏனென்றால் இது இது, அது அது. ஃபோட்டான்களுக்கு அந்த 'இது, அது' என்பதே கிடையாது. இப்படி எண்ண வேண்டும் என்பதற்கு வழி திறந்தவர் சத்யேந்திரநாத் போஸ். 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து தன் கட்டுரையை நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். இப்படி எண்ணினால்தான் பிளாங்கின் சூத்திரம் ஒழுங்காக வருகிறது. அதாவது ஃபோட்டான்களை எப்படி எண்ண வேண்டும் என்பதை இயற்கையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்போது 75-க்குப் போகலாம். அதற்கு ஒரே ஒரு கருவி தெரிந்தால் போதும். போலரைசர். ஒளியின் அதிர்வு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து வடிகட்டும் கண்ணாடி. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் உங்களிடம் இருந்தால் எல்.சி.டி. திரைக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு போலரைசரை நேராக வைத்து, அடுத்ததை 90 டிகிரி திருப்பி வைத்தால் ஒளி அறவே வராது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை 45 டிகிரியில் செருகினால், ஒளி வந்துவிடும்! முதல் கண்ணாடியைத் தாண்டியதில் கால் பங்கு கடைசிவரை வருகிறது. வடிகட்டியின் மேல் வடிகட்டி வைத்தால் வருவது குறையத்தானே வேண்டும்? ஒளியை அலையாக நினைத்தால் இதற்கு விளக்கம் இருக்கிறது: ஒவ்வொரு கண்ணாடியும் அலையின் அதிர்வைத் தன் பக்கம் திருப்பி அனுப்புகிறது. நியாயமாக அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பும்போது அந்த விளக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு ஃபோட்டான் பாதி நுழைந்து பாதி நிற்க முடியாது. நுழையும், அல்லது நிற்கும். ஆம், அல்லது இல்லை.

விடைத்தாளில் இருந்ததும் இதேதான், கவனித்தீர்களா?

[திரையில்: நடுவில் ஒளிமூலம், இருபுறமும் போலரைசர்கள்]

ஒரு ஒளிமூலம் ஃபோட்டான்களை ஜோடி ஜோடியாக அனுப்புகிறது. ஒன்று இடது பக்கம் போகிறது, அதன் ஜோடி வலது பக்கம். இருபுறமும் ஆளுக்கொரு போலரைசர். இவை பின்னிப் பிணைந்த ஜோடிகள். இரண்டு போலரைசரும் ஒரே கோணத்தில் இருந்தால், இடதில் 'ஆம்' வந்தால் வலதிலும் 'ஆம்', இடதில் 'இல்லை' என்றால் வலதிலும் 'இல்லை'. நூற்றுக்கு நூறு. அச்சு அசலாக ஒன்றான இரண்டு விடைத்தாள்கள்.

இப்போது வலது போலரைசரை மட்டும் 30 டிகிரி திருப்புகிறோம். 100 ஜோடிகளில் சராசரியாக 25-இல் பதில் வேறுபடுகிறது. அப்படியானால் வலது பக்கம் திருப்பியதால் அங்கே 25 பதில்கள் மாறிவிட்டன. பழையபடி வைத்துவிட்டு, இடது போலரைசரை மட்டும் எதிர்ப்பக்கமாக 30 டிகிரி திருப்புகிறோம். மறுபடியும் 25. இடது பக்கம் 25 பதில்கள் மாறுகின்றன.

இப்போது இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள். இடது அந்தப் பக்கம் 30, வலது இந்தப் பக்கம் 30. நம் தாள் கணக்குப்படி அதிகபட்சம் 50 வேறுபாடு.

குவாண்டம் விதி சொல்வது 75.

முதல்முறை இது புரிந்தபோது நான் தாளும் பேனாவும் எடுத்து, 100 கட்டங்கள் போட்டு, ஏதாவது வழியில் 51 கொண்டுவர முடியுமா என்று உட்கார்ந்து பார்த்தேன். முடியாது. நீங்களும் போட்டுப் பாருங்கள். தோற்றுப்போகும்போதுதான் இந்த 75 எவ்வளவு பெரிய விஷயம் என்று மனத்தில் உறைக்கிறது.

சரி, எங்கே பிசகியது? கணக்கு தப்பாக இருக்க முடியாது. அப்படியானால் கணக்குப் போடும் முன்பே நாம் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஏதோ ஒன்று தப்பு. தேடினால் இரண்டு அகப்படுகின்றன. ஒன்று: கேட்பதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறது என்று நினைத்தோம். எந்தக் கோணத்தில் கேட்டாலும் சொல்ல ஃபோட்டானிடம் பதில் தயாராக இருக்கிறது, நாம் போய்ப் படிக்கிறோம், அவ்வளவுதான் என்று. இரண்டு: இடது பக்கம் கண்ணாடியைத் திருப்பினால் வலது பக்கத்துப் பதில்கள் மாறாது என்று நினைத்தோம். நிலாவை யாரும் பார்க்காவிட்டாலும் அது அங்கே இருக்கிறது, இங்கே கை தட்டினால் அங்கே ஒன்றும் உடையாது. தினசரி வாழ்க்கை முழுவதையும் இந்த இரண்டின் மேல்தான் நடத்துகிறோம். இரண்டில் ஒன்றையாவது விட்டால்தான் 75 வரும்.

முதல் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஐன்ஸ்டைன். 1935-இல் பொடோல்ஸ்கி, ரோசன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது: தூரத்தில் இருப்பதைத் தொடாமலேயே அதன் பதிலை உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்தப் பதில் முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். கிழவருக்குப் புதிய அறிவியல் புரியவில்லை என்று சிலர் இதை எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்று கண்டுபிடிக்கவே 29 ஆண்டுகள் ஆயின.

கண்டுபிடித்தவர் பெல்ஃபாஸ்டில் பிறந்த ஜான் பெல். செர்ன் ஆய்வகத்தில் அவருடைய வேலை துகள் இயற்பியல், முடுக்கிகள். அதற்கு நடுவே இந்தக் கேள்வியையும் விடாமல் யோசித்து 1964-இல் சில பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். முன்பே எழுதி வைத்த பதில்கள் என்றால் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டாது, குவாண்டம் என்றால் தாண்டும் என்று நிறுவினார். நம் 50-உம் 75-உம் அந்தக் கட்டுரையின் எளிய வடிவம்.

1972-இல் ஜான் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் அளந்து பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் பக்கம்தான் ஜெயிக்கும் என்று கிளாசரே எதிர்பார்த்தார். ஆனால் முடிவு குவாண்டம் பக்கம் போனது. 1982-இல் பாரிஸ் அருகே அலான் ஆஸ்பே இன்னும் துல்லியமாகச் செய்தார். ஆய்வகத்தில் நான் சொன்ன கோணங்களுக்குப் பதில் வேறு கோணங்களையும் வேறு வகைக் கூட்டலையும் பயன்படுத்துவார்கள். அதில் தாண்டக் கூடாத எல்லை 2. ஆஸ்பேயின் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 2.7.

அப்புறம் ஒரு சந்தேகம் எழுந்தது. போலரைசரை எந்தக் கோணத்தில் வைப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே ஏதாவது உள்தொடர்பு இருந்தால்? ஃபோட்டானுக்குக் கேள்வி முன்கூட்டியே தெரிந்துவிட்டால்? இதை அடைக்க 2018-இல் வெளியான ஒரு பரிசோதனையில் ஆன்டன் சைலிங்கரின் குழுவினர் செய்த காரியம்தான் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. லா பால்மா தீவிலிருந்த தொலைநோக்கிகளை வானத்தின் எதிரெதிர்த் திசைகளில் இருந்த இரண்டு குவேசார்களை, அதாவது மிகத் தொலைவிலிருந்து பேரொளி வீசும் விண்மீன் மண்டல மையங்களை, நோக்கித் திருப்பினார்கள். அவற்றிலிருந்து வந்த ஒளியின் நிறத்தைப் பார்த்து, அது கொஞ்சம் சிவப்பா, கொஞ்சம் நீலமா என்பதை வைத்துக் கருவியின் அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கிட்டத்திலிருந்த குவேசாரின் ஒளியே 780 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. பூமிக்கு வயது 450 கோடிதான். ஏதாவது சதி இருந்திருந்தால் அது பூமி பிறப்பதற்கு முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்தும் எல்லை மீறப்பட்டது.

2022-இல் கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு. ஜான் பெல் 1990-லேயே காலமாகிவிட்டார்.

இந்த இடத்தில் கமெண்டில் வழக்கமாக வரும் இரண்டு கேள்விகள்.

"அப்போ ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா?" முடியாது. இடது பக்கம் இருப்பவருக்குத் தெரிவது பாதி 'ஆம்', பாதி 'இல்லை', எந்த ஒழுங்கும் இல்லாமல். வலது பக்கம் என்ன திருப்பினாலும் அது அப்படியேதான் இருக்கும். இரண்டு பட்டியலையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் 75 தெரியும். கொண்டுவருவதற்கு ஒளியைவிட வேகமான வழி கிடையாது.

"மனிதன் பார்ப்பதால்தான் பதில் உண்டாகிறதா?" இந்தக் கருத்து பரவுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பார்க்க ஆளே தேவையில்லை. ஒரு கருவி போதும். கருவிகூட வேண்டாம், மோதிவிட்டுப் போகும் ஒரு காற்று மூலக்கூறு போதும்.

நம் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாமல் போவதற்கும் அதுதான் காரணம். ஒரு தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற காற்று மூலக்கூறுகளும் ஃபோட்டான்களும் அதில் மோதி, 'இது இங்கே இருக்கிறது' என்ற தகவலை நாலாபுறமும் சுமந்து செல்கின்றன. குவாண்டம் குணம் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. நம் மூளை வளர்ந்தது இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான். கல்லும் மரமும் விலங்கும் எங்கே இருக்கின்றன என்பதற்கு எப்போதும் பதில் தயாராக இருந்த உலகம் அது. அங்கே கற்ற தர்க்கத்தை வைத்துக்கொண்டு ஃபோட்டானிடம் போய் நிற்கிறோம்.

அப்படியானால் கூட்டத்தை விலக்கிவிட்டால் பெரிய பொருளும் குவாண்டம் குணத்தைக் காட்டுமா? வியன்னாவில் அதைத்தான் சோதிக்கிறார்கள். 1999-இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வெற்றிடத்தில் பறக்கவிட்டபோது, ஒவ்வொன்றும் அலையைப் போலப் பல பிளவுகளின் வழியே பரவி, அலைகளுக்கே உரிய கோலத்தைப் போட்டது. 2019-இல் 2000 அணுக்கள் வரை கொண்ட மூலக்கூறுகளும் அப்படியே நடந்துகொண்டன. எந்த அளவுக்கு மேல் குவாண்டம் விதி நின்றுபோகும் என்று ஒரு கோடு இருந்தால், எந்தப் பரிசோதனையும் இன்னும் அதைத் தொடவில்லை.

தாளை எடுத்து 100 கட்டங்கள் போட்டுப் பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கேட்பதற்கு முன்பே பதில் இருக்கிறது என்பதையா, இங்கே செய்வது அங்கே உடனே பாதிக்காது என்பதையா, எதை விட்டுக்கொடுப்பீர்கள்? நான் முதலாவதை விட்டுக்கொடுப்பேன். இரண்டாவதை விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.