தொட்டியின் மேல்பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம், நேயர்களே. தொங்கும் சக்குலன்ட் செடிகளை, அதாவது இலையிலோ தண்டிலோ தண்ணீர் சேர்த்துவைக்கும் செடிகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நர்சரியில் ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் என்று கேட்டால் ஒரு செடி தருவார்கள். மெல்லிய தண்டில் உருண்டை உருண்டையாகப் பச்சை இலை, சரம் சரமாகத் தொங்கும். முத்துச்சரம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே டாங்கி டெயில் இருக்கும், அதாவது கழுதைவால். வாங்கியவர்கள் நிறையப் பேர். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிச் செடி உயிரோடு இருக்கும் வீடுகள்தான் குறைவு.

என் நாத்தனார் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சென்னையில் நான்காவது மாடி. ஹாலில் ஜன்னலுக்கு மேலே, கூரையில் கொக்கி அடித்து முத்துச்சரத்தைத் தொங்கவிட்டிருந்தாள். சரங்கள் ஜன்னலில் பாதி வரை இறங்கி, பார்க்க அவ்வளவு அழகு. வருகிறவர்கள் எல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். திடீரென்று ஒருநாள் போன். "அண்ணி, தினமும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தறேன். இருந்தும் முத்தெல்லாம் சுருங்குது. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" ஊற்றாதே, நான் வருகிறேன் என்றேன்.

போய் முதலில் ஒரு ஸ்டூல் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. ஏறிப் பார்த்தால், தொட்டியின் மேல்பக்கத்தில் ஒரு இலைகூட இல்லை. கறுத்த, ஈரமான தேங்காய் நார்மண். தண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பும் இடத்தில் பழுப்பாகிக் கொழகொழத்திருந்தன. கீழே தொங்கியது மட்டும் பச்சை. இலைக்குள்ளேயே தண்ணீர் இருப்பதால், வேர் போன பிறகும் சரம் பல நாள் பச்சையாகவே இருக்கும். நாம் பார்ப்பது கீழே, செடி சாவது மேலே. அதனால்தான் சொல்கிறேன், தொட்டியின் மேல்பக்கத்தைப் பாருங்கள்.

முத்து சுருங்கினால் தாகம் என்பது பாதி உண்மை. உடனே சொம்பைத் தூக்காமல் மண்ணுக்குள் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம்தான், தாராளமாக ஊற்றலாம். ஈரமாக இருந்தால் வேர் அழுகிவிட்டது, உறிஞ்ச ஆளில்லை. அப்போது ஊற்றுகிற தண்ணீர் மிச்சத்தையும் அழுக வைக்கும்.

முத்துச்சரத்தின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. அங்கே அது தொங்குவதில்லை. புதர் நிழலில் தரையோடு தரையாகப் படர்கிறது, தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடுகிறது. தொங்கவிடுவது நம் ஆசை. ஒரு முத்தை எடுத்து உற்றுப் பாருங்கள், பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி ஒரு கோடு ஓடும். வெளிச்சம் அதன் வழியாக இலைக்கு உள்ளே போகிறது. வெளிச்சம் தலையில் படவேண்டும். ஜன்னலுக்கு மேலே கூரையோடு ஒட்டித் தொங்கவிட்டால் தொட்டியின் தலை இருட்டில் இருக்கிறது.

சரி, நாத்தனார் செடியை என்ன செய்தோம்? நல்ல சரங்களை வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டோம். அகலமான, ஆழமில்லாத மண் தொட்டி ஒன்று. கீழே ஓட்டை இருக்கவேண்டும், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கரடான மணலும் உடைத்த செங்கல் துண்டும் பாதி, தோட்டத்து மண்ணும் மண்புழு உரமும் மீதி. சரங்களை மண்மேல் சுருட்டிப் படுக்கவைத்து, கொண்டை ஊசியால் அங்கங்கே குத்திவிட்டோம். இப்போது தொட்டி பால்கனி கிரில்லில், காலை வெயில் படும்படி, கண்மட்டத்தில் இருக்கிறது.

நடுவில் ஒன்று. நம் ஊர் வேலியில் பிரண்டை படர்கிறதே, அதுவும் தண்டில் தண்ணீர் சேர்த்துவைக்கும் கொடிதான். அதற்கு யாராவது தினமும் டம்ளரில் ஊற்றுகிறோமா? துவையலுக்கு ஒடிக்கும்போதுதான் அதன் நினைவே வரும். அதே அலட்சியத்தில் கொஞ்சம் முத்துச்சரத்துக்கும் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் படாமல் உள்ளே நகர்த்துங்கள்.

கழுதைவாலுக்கு வருகிறேன். மெக்சிகோ நாட்டுச் செடி. 1935இல் எரிக் வால்தர் என்கிற தாவரவியலாளர் அதைக் கண்டது காட்டில் அல்ல, கோட்டேபெக் என்ற ஊரின் நாற்றுப்பண்ணையில். அப்போதே அது வீட்டுச் செடி! இதை நிஜமாகவே தொங்கவிடலாம், ஆனால் ஆள் உரசாத மூலையில். கை பட்டாலே இலை உதிரும். உதிர்ந்ததைக் கூட்டித் தள்ளாதீர்கள், மண்மேல் போட்டுவைத்தால்...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம், நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். ...வேர் விடும். மாவுப்பூச்சி பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், அது போதும். இன்னொன்று, முத்துச்சரம் நச்சுள்ளது. பட்டாணி என்று குழந்தைகள் வாயில் போட்டுவிடுவார்கள், பூனையும் கடிக்கும். எட்டாத இடத்தில் வையுங்கள். நன்றி, வணக்கம்.