ஒரே சிலேட்டில் கேள்வியும் பதிலும்

வணக்கம். ஆபீஸில் பொதுவாக ஒரு சர்வர் இருக்கும், உங்கள் ஃபைல் உங்கள் மேசையிலேயே இருப்பது போலத் தெரியும், ஆனால் இருப்பது அங்கே. யூனிக்ஸ், லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்கள் பக்கம் இந்த வேலையை என்.எஃப்.எஸ்., அதாவது நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம், செய்கிறது, 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. அது படுத்தால் என்ன ஆகும் என்று நான் பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மதியம், ‘சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்’ என்று திரையில் ஒரு வரி, அதோடு சரி. மவுஸ் நகரும், எதுவும் திறக்காது. மாடி முழுக்க டீக்கடைக்கு இறங்கினோம், கடைக்காரர் ‘இன்னைக்கு லீவா சார்?’ என்கிறார்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2017 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலின், அதாவது அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியின், என்.எஃப்.எஸ். சர்வரில் ஓர் ஓட்டையை அடைத்தார்கள். ஒரு சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வரின் மெமரியில் கேள்வி, பதில் இரண்டுக்கும் அந்த ஒரே சிலேட்தான். ‘இந்த ஃபைலைப் படி’ என்பது சின்னக் கேள்வி, பதில்தான் நீளம். ‘இதை எழுதி வை’ என்றால் கேள்வி நீளம், பதில் ‘ஆச்சு’. அதனால் இடம் போதும். ஆனால் ஒருவன் ‘படி’ என்று கேட்டுவிட்டு வாலில் பக்கம் பக்கமாகக் குப்பையை ஒட்டி அனுப்புகிறான். சர்வர் தனக்கு வேண்டியதை மட்டும் படிக்கும், மீதியைக் கண்டுகொள்ளாது, ஆனால் அந்தக் குப்பை சிலேட்டை அடைத்துக்கொண்டுதானே இருக்கிறது? பதில் விளிம்பைத் தாண்டிப் போகும். கெர்னலுக்குள் அப்படித் தாண்டினால் மொத்த மெஷினும் விழலாம்.

லினக்ஸ் கெர்னலை எழுதுபவர்களில் ஒருவரான நீல் பிரவுன் சொன்ன யோசனைப்படி, அந்த என்.எஃப்.எஸ். சர்வரைப் பார்த்துக்கொண்ட புரூஸ் ஃபீல்ட்ஸ் வாசலிலேயே ஒரு சோதனை வைத்தார்: பெரிய பதில் வரக்கூடிய வேலையா, அப்படியானால் கேள்வி மெமரியின் ஒரு பக்கத்துக்கு, அதாவது சாதாரண கம்ப்யூட்டரில் 4096 பைட்டுக்கு, மேல் போகக் கூடாது. அவ்வளவுதான். வாலில் குப்பை இருந்தாலே திருப்பி அனுப்பலாமே? என்.எஃப்.எஸ். விதி அதற்கு இடம் தருகிறது, அவரே எழுதியிருக்கிறார். ஆனால் இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதை இன்று கேட்டால் எங்கோ ஒரு மூலையில் ஒழுங்காக ஓடும் விநோதமான கிளையன்ட், அதாவது சர்வரிடம் ஃபைல் கேட்கும் கம்ப்யூட்டர், ஒன்று நின்றுவிடுமோ என்று யோசித்தார். எனக்கு இது பிடித்த இடம். டீக்கடைக்கு இறங்கியவனுக்குத்தான் அந்தத் தயக்கம் புரியும்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கையைக் காட்டுகிறார்கள். இந்தச் சோதனை என்.எஃப்.எஸ்.-இன் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளுக்குத்தான்; நான்காம் பதிப்புக்கு ஏன் வைக்கவில்லை என்று சொல்ல இருந்தேன், நேரமில்லை. என்.எஃப்.எஸ். வந்துபோகும் வாசலான 2049-ஆம் போர்ட் வெளியே இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடக்கிறதா என்று மட்டும் உங்கள் ஆபீஸ் சிஸ்டம் ஆளிடம் கேட்டுவிடுங்கள். வணக்கம்.