எந்தக் காயம் முதலில்? டாக்டர் ஷெர்லி வாசுவை நினைத்து

(திரையில்: வெள்ளைத் தாளில் மனித உடலின் முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு கோட்டுப் படங்கள். அதில் பேனாவால் போட்ட சின்னச் சின்ன எண்கள்.)

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல காயங்களுக்கு நம்பர் போட்டிருப்பாங்க. காயம் 1, காயம் 2, காயம் 3. இதைப் பார்த்ததும் முதல்ல விழுந்த அடிதான் 1, அடுத்து விழுந்தது 2ன்னு நமக்குத் தோணும். ஆனா அது அப்படி இல்லை. பொதுவா தலையில ஆரம்பிச்சு கால் வரைக்கும் பார்த்துக்கிட்டே எழுதுவாங்க, நம்பரும் அதே வரிசையில விழும். எந்த அடி முதல்ல விழுந்துச்சு, எது பிறகு விழுந்துச்சுங்கிறது அந்த நம்பர்ல இருக்காது. அதை டாக்டர்தான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். அந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான்.

இந்த "எது முதல்ல" கேள்வியோட முப்பது வருஷத்துக்கும் மேல வேலை பார்த்தவங்க டாக்டர் ஷெர்லி வாசு. கேரளாவோட முதல் பெண் தடயவியல் மருத்துவர். 2025 செப்டம்பர் 4, திருவோணத்துக்கு முந்தின நாள், கோழிக்கோட்டுல தன்னோட வீட்டுல மயங்கி விழுந்து இறந்துட்டாங்க. வயசு 68.

(திரையில்: கேரள வரைபடம். தொடுபுழா, கோட்டயம், கோழிக்கோடு, திருச்சூர் என நான்கு புள்ளிகள்.)

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாச் சொல்லிடறேன். சொந்த ஊர் தொடுபுழா. எம்.பி.பி.எஸ். படிச்சது கோட்டயத்துல. நிறைய வருஷம் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில வேலை. அப்புறம் திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரியில துறைத் தலைவர், கடைசியா அங்கேயே முதல்வர். 2016ல ஓய்வு. ஓய்வுக்கு அப்புறமும் சும்மா இருக்கலை. கோழிக்கோடு பக்கத்துல ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில துறைத் தலைவரா இருந்தாங்க. தன்னோட பிணவறை அனுபவங்களை மலையாளத்துல புத்தகமாவும் எழுதினாங்க.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துடலாம். தடய அறிவியல் வேற, தடயவியல் மருத்துவம் வேற. கைரேகை, துப்பாக்கிக் குண்டு, விஷப் பரிசோதனை எல்லாம் தடய அறிவியல் ஆய்வகத்து வேலை. அங்கே இருக்கிறவங்க பெரும்பாலும் வேதியியல், இயற்பியல், உயிரியல் படிச்சவங்க. உடம்பைத் திறந்து பார்க்கிறவங்க டாக்டர்கள். கேரளாவுல இவங்களைப் போலீஸ் சர்ஜன்னும் சொல்வாங்க. பேர்ல போலீஸ் இருந்தாலும் அவங்க போலீஸ்காரங்க இல்லை. இதை மறந்துட்டா இனி சொல்லப்போற எதுவும் புரியாது.

இந்தத் துறைக்கு நம்ம ஊர்லயும் ஒரு பழைய கதை இருக்கு. இந்தியாவுல பதிவான முதல் சட்ட மருத்துவப் பிரேதப் பரிசோதனை நடந்தது சென்னையில, 1693ல. செஞ்சவர் எட்வர்ட் பல்க்லின்னு கிழக்கிந்தியக் கம்பெனியோட டாக்டர். விஷத்தால இறந்திருப்பார்னு சந்தேகப்பட்ட ஒரு கம்பெனி அதிகாரியோட உடம்பு அது. அதுக்கு அப்புறம் ஏறக்குறைய முந்நூறு வருஷம் அந்த மேஜை பெரும்பாலும் ஆண்கள் நின்ன மேஜைதான். 1980கள்ல ஒரு பெண் "எனக்கு இந்தத் துறைதான் வேணும்"னு கேட்டா சுத்தி இருக்கிறவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு நான் விளக்க வேண்டியதில்லை. நம்ம வீட்டுலயே ஒரு பொண்ணு சொன்னா இன்னைக்கும் அதையேதான் சொல்லுவோம்.

சரி, மேஜைக்கு வருவோம்.

(திரையில்: ஸ்டீல் மேஜை, தண்ணீர் வடிகிற ஓட்டை, அளவு நாடா, கண்ணாடி ஜாடி.)

பிணவறையில முதல்ல எடுக்கிறது கத்தி இல்லை, அளவு நாடா. துணியோட பார்ப்பாங்க, துணியை எடுத்துட்டுப் பார்ப்பாங்க, புரட்டிப் போட்டுப் பார்ப்பாங்க. ஏன் புரட்டணும்? இதயம் நின்ன பிறகு ரத்தம் எங்கேயும் ஓடாது. மண்பானையில தண்ணி அடியில தங்குற மாதிரி, உடம்புல எந்தப் பக்கம் தரையில இருக்கோ அந்தப் பக்கம் இறங்கித் தங்கிடும். தோல் மேல ஊதா நிறத்துல தெரியும். சில மணி நேரம் போச்சுன்னா அந்த நிறம் அங்கேயே நிலைச்சிடும், அப்புறம் உடம்பைத் திருப்பிப் போட்டாலும் மாறாது. குப்புறக் கிடந்ததாச் சொல்ற உடம்புல ஊதா நிறம் முதுகுல நிலைச்சிருந்தா? இறந்து பல மணி நேரம் மல்லாந்து கிடந்திருக்கு, யாரோ பிறகு திருப்பிப் போட்டிருக்காங்க. எது முதல்ல, எது பிறகுங்கிற கேள்விக்கு இங்கே ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தாம பதில் கிடைச்சிடுது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச நுணுக்கம். தூக்கா, கழுத்தை நெரிச்ச கொலையான்னு சந்தேகம் வந்தா எல்லாரும் கழுத்தைத்தான் முதல்ல திறப்பாங்கன்னு நினைப்போம். நல்லாப் படிச்ச டாக்டர் கழுத்தைக் கடைசியாத்தான் தொடுவார். முதல்ல மண்டையோடு, அடுத்து நெஞ்சு. இது ரெண்டையும் திறந்தா கழுத்துல தேங்கின ரத்தம் மேலேயும் கீழேயும் வடிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் கழுத்தைத் தசை தசையாப் பிரிச்சா, அங்கே தெரியற ரத்தக்கட்டு உண்மையான ரத்தக்கட்டு. அவசரப்பட்டு முதல்லயே கழுத்தைத் திறந்தா, கத்தி பட்டுக் கசியற ரத்தமே நெரிச்ச காயம் மாதிரி காட்டும். அப்பாவி ஒருத்தர் ஜெயிலுக்குப் போக அது போதும். டாக்டர் கை வைக்கிற வரிசை தப்பினா உடம்பு சொல்ற வரிசையும் தப்பிடும்.

தோல் மேல இருக்கிற தழும்பும் பேசும். தூக்குல பொதுவா அது கழுத்தோட மேல்பக்கம், சாய்வா, காதுப்பக்கம் ஏறி விட்டுப்போயிருக்கும். கயிறு போட்டு நெரிச்சா கீழே, கிடைமட்டமா, சுத்தி முழுசா இருக்கும். பாடத்துல இவ்வளவு சுலபமா இருக்கிறது மேஜையில அப்படி இருக்காதுங்கிறது வேற விஷயம்.

இப்போ தீக்காயம். ஷெர்லி வாசு இந்தத் துறைக்கு வந்த அதே காலத்துலதான் நாடு முழுக்கப் பத்திரிகையில "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி"ன்னு செய்தி வந்துக்கிட்டே இருந்துச்சு. விதவிதமான வீடுகள், எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஸ்டவ், அதுவும் மருமகளைப் பார்த்து மட்டும் வெடிக்கிற ஸ்டவ். சட்டமும் அப்போதான் விழிச்சுது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமா இறந்தா உடம்பைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகணும்னு 1983ல திருத்தம் வந்துச்சு. வரதட்சணை மரணத்துக்குன்னு தனிப் பிரிவு 1986ல வந்துச்சு. நம்ம ஊர்ல பேப்பர்ல "ஆர்.டி.ஓ. விசாரணை"ன்னு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணைன்னு, ஒரு வரி போடுவாங்களே, அது இந்த மாதிரி மரணங்களுக்குத்தான்.

அந்தச் சட்டமெல்லாம் கடைசியில வந்து நிக்கிற இடம் ஒரு மூச்சுக்குழாய். தீப்பிடிச்சப்போ உயிர் இருந்தா அந்தப் பெண் மூச்சு விட்டிருப்பாங்க. மூச்சு விட்டிருந்தா புகை உள்ளே போயிருக்கும். மூச்சுக்குழாயைத் திறந்தா உள்சுவர்ல கரி ஒட்டியிருக்கும். ரத்தத்துல கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். இது ரெண்டும் இல்லாம வெளியே மட்டும் கருகியிருந்தா டாக்டர் அங்கேயே நிதானிப்பார். கொன்னுட்டு எரிச்சாங்களாங்கிற கேள்வி வந்துடும். கரி இருந்துச்சுன்னா உயிரோட எரிஞ்சாங்கன்னுதான் அர்த்தம், தானா பத்த வெச்சாங்களா, இன்னொருத்தர் பத்த வெச்சாங்களான்னு கரி சொல்லாது. இந்த எல்லையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வரும்.

(திரையில்: இரவு. ரயில் பெட்டியின் ஜன்னல் கம்பிகள்.)

2011 பிப்ரவரி 1. எர்ணாகுளம் – ஷொரணூர் பாசஞ்சர் ரயில், பெண்கள் பெட்டி. மத்தவங்க இறங்கிட்டதால தனியா இருந்த 23 வயசுப் பெண். 2025 ஜூலையில கண்ணூர் சிறையிலேர்ந்து ஒரு ஆயுள் கைதி தப்பிச்சு சில மணி நேரத்துல பிடிபட்டானே, அந்த வழக்குதான். பாதிக்கப்பட்ட பெண்ணோட பேரை நான் சொல்லப்போறதில்லை. தண்டவாளத்துப் பக்கத்துல கண்டெடுத்தாங்க, பிப்ரவரி 6ஆம் தேதி திருச்சூர் மருத்துவக் கல்லூரியில இறந்துட்டாங்க. அங்கே தடயவியல் மருத்துவத் துறைத் தலைவர் ஷெர்லி வாசு.

வழக்கு முழுக்க ரெண்டு காயத்தைச் சுத்தித்தான் நடந்துச்சு. காயம் 1, தலையில. முடியைப் பிடிச்சு தட்டையான பரப்புல திரும்பத் திரும்ப மோதினதால வந்தது. காயம் 2, முகத்துல. ரயில்லேர்ந்து விழுந்து தண்டவாளத்துல மோதினதால வந்தது. ஷெர்லி வாசு இது ரெண்டையும் ஒரு வரிசையில வெச்சுக் காட்டினாங்க. முதல் அடியில அந்தப் பெண் நிலைகுலைஞ்சுட்டாங்க. நம்ம யாராவது விழுந்தா கை தானா முன்னாடி போகும், முகத்தைக் காப்பாத்தும். ரெண்டாவது காயம் விழுந்திருக்கிற விதம், அந்தத் தற்காப்பு அனிச்சை போன பிறகு விழுந்த உடம்பைக் காட்டுதுன்னாங்க. மூணாவதா, நினைவில்லாத நிலையில மல்லாக்கக் கிடத்தினதால ரத்தம் மூச்சுப்பாதைக்குள்ள இறங்கி மூளைக்கு ஆக்ஸிஜன் போகாம போச்சு. மூணையும் சேர்த்துத்தான் மரணத்துக்குக் காரணம்னு எழுதினாங்க.

(இடையில ஒண்ணு. விபத்துல மயங்கிக் கிடக்கிறவரை, கழுத்துல அடி இல்லைன்னு தெரிஞ்சு மூச்சும் இருந்தா, மல்லாக்க விடாம ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்றது இதே காரணத்துக்காகத்தான்.)

திருச்சூர் விரைவு நீதிமன்றம் 2011லயே மரண தண்டனை கொடுத்துச்சு. 2013ல உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சுது. 2016 செப்டம்பர் 15, உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்தை மட்டும் நீக்கிடுச்சு. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை அப்படியே இருந்துச்சு. கேரளா கொந்தளிச்சது. டாக்டர் சொன்னதை நீதிமன்றம் நம்பலைன்னு நிறைய பேர் இன்னைக்கும் நினைக்கிறாங்க. தீர்ப்பைப் படிச்சா அப்படி இல்லை. ரெண்டு காயத்தையும் நீதிமன்றம் ஏத்துக்கிட்டுது. ஆனா அந்தப் பெண் குதிச்சுத் தப்பிச்சிட்டதா கதவோரம் நின்ன ஒருத்தர் சொன்னதைக் கேட்டோம்னு ரெண்டு சாட்சிகள் சொல்லியிருந்தாங்க. தள்ளிவிட்டாங்களா, குதிச்சாங்களாங்கிற அந்தச் சந்தேகத்தோட பலன் குற்றவாளிக்குப் போச்சு. மல்லாக்கக் கிடத்தினா உயிர் போகும்னு அவனுக்குத் தெரியும்னும் நிரூபிக்கலைன்னாங்க.

என் கருத்தைக் கேட்டா, அனிச்சையே போன ஒருத்தர் கதவு வரைக்கும் போய்க் குதிச்சிருப்பாங்கன்னு நம்பறது எனக்குக் கஷ்டமா இருக்கு. இரண்டாம் கையாக் காதுல விழுந்த ஒரு வார்த்தையைவிட எலும்புல இருக்கிற அடையாளத்துக்கு நான் கூடுதல் மதிப்பு தருவேன். ஆனா கரி பத்தி சொன்னேனே, அதே எல்லை இங்கேயும் இருக்கு. எந்த நிலையில விழுந்தாங்கன்னு உடம்பு சொல்லும், யார் கை பின்னாடி இருந்துச்சுன்னு சொல்லாது.

இதெல்லாம் பெரிய வழக்கு. பெரும்பாலான போஸ்ட்மார்ட்டம் இப்படி இருக்காது. ஒரு விபத்துல சொந்தக்காரர் ஒருத்தரைப் பறிகொடுத்துட்டு ஒரு பிணவறை வாசல்ல அரை நாள் உட்கார்ந்திருக்கேன். கான்ஸ்டபிள் மடியில வெச்சு விசாரணைத் தாளை நிரப்பிட்டு இருந்தார். பக்கத்துல ஒரு அம்மா, "அறுக்காம குடுத்துடச் சொல்லுங்க சார்"னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உள்ளே இருந்தவர் தடயவியல் நிபுணர் இல்லை. காலையில காய்ச்சல் பார்த்துட்டு வந்த டியூட்டி டாக்டர். தாலுகா ஆஸ்பத்திரிகள்ல சகஜமா நடக்கிறது இதுதான். எம்.பி.பி.எஸ். படிப்புல ஒரு பேராசிரியர் பக்கத்துல நிக்க வெச்சு என்ன காட்டினாரோ, அதுதான் அந்த டாக்டரோட மொத்தக் கைமுதல்.

அதனாலதான் இந்தத் துறையில பேராசிரியர்ங்கிற வேலைக்கு நான் இவ்வளவு கனம் கொடுக்கிறேன். கழுவறதுக்கு முன்னாடி பார். காயத்தோட நீளம், அகலம், ஆழம் எழுது. விஷச் சந்தேகம்னா உள்ளுறுப்பை உப்புக் கரைசல்ல போடு. ஃபார்மலின்ல போட்டுட்டா பிறகு விஷத்தைப் பிரிச்செடுக்கிறது பெரும்பாடு. அந்த உப்புத் தண்ணியிலேயே கொஞ்சம் தனி பாட்டில்ல எடுத்து அனுப்பு. விஷம் உடம்புல இருந்துச்சா, இல்லை உன்னோட தண்ணியிலேயே இருந்துச்சான்னு நாளைக்கு வக்கீல் கேட்பார். ஒரு பேராசிரியர்கிட்ட இதைக் கேட்டு வளர்ந்த மாணவங்க எங்கெங்கேயோ சின்ன ஆஸ்பத்திரிகள்ல இதைச் செஞ்சுட்டு இருப்பாங்க.

(திரையில்: தீர்ப்பின் ஒரு பக்கம்.)

2016 தீர்ப்பு இணையத்துல கிடைக்குது, தேடிப் படிங்க. அதுல ஷெர்லி வாசு, அரசுத் தரப்பு 64ஆம் சாட்சி. இந்த நம்பருக்கும் முன்ன பின்ன அர்த்தம் எதுவும் கிடையாது, கூண்டுல ஏறின வரிசை அவ்வளவுதான். காயம் 1, காயம் 2 பத்தி அவங்க சொன்னது அந்தப் பக்கங்கள்ல அப்படியே இருக்கு.