கழிப்பறை இல்லாத சொர்க்கம் நமக்கு வேண்டாம்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மணி அவர் கையில இருக்கு, அதனால வணக்கம் இத்தோட போதும்.

"குடும்பத்தோட போகக் கடற்கரை தேடும்போது முதல்ல பார்க்க வேண்டியது அழகா, வசதியா?" நான் வசதி பக்கம். எனக்கு முன்னாடி பேசின எதிரணிச் சகோதரர் அழகைப் பத்திப் பேசினார். வெள்ளை மணல், நீலத் தண்ணி, ஆளரவமே இல்லாத கரை. கேட்ட எனக்கே அணி மாறிடலாமான்னு ஒரு சபலம். கடைசியில எங்களைப் பார்த்து ஒரு போடு போட்டார் பாருங்க: "கடலைப் பார்க்கப் போறவன் கழிப்பறை எங்கேன்னு கேட்க மாட்டான்!" நீங்களும் தட்டினீங்க. தட்டின கையெல்லாம் நான் குறிச்சு வச்சிருக்கேன்.

அந்தக் கைகளெல்லாம் இப்ப என்கூட வரட்டும். ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணிக்குங்க. தாத்தாவுக்கு முழங்கால் வலி, கூடவே சர்க்கரை. பாட்டி. அப்பா, அம்மா. ஏழு வயசுப் பையன், மூணு வயசுப் பொண்ணு. அப்பா போன்ல ஒரு படம் பார்க்கிறார். அப்படியே சகோதரர் சொன்ன கடற்கரை. படத்துல எல்லாம் இருக்கு, கார் நிறுத்துற இடம் மட்டும் இல்லை. அது மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், 600 மீட்டர் தள்ளி.

600 மீட்டர்தானேன்னு சொல்றீங்களா? அது தார் ரோட்டுக் கணக்கு. காய்ஞ்ச மணல்ல நடக்க ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகும். ஆறு பேருக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டர்னு வச்சாலே தண்ணி மட்டும் 12 கிலோ. அப்புறம் குடை, பாய், சாப்பாடு, மாத்துத் துணி. சக்கரம் வச்ச ஐஸ் பெட்டியை இழுத்துட்டுப் போறார் அப்பா. மெல்லிசான சக்கரம் மணல்ல சுத்தாது, உழும். பத்தடியில அது பெட்டியில்லை, ஏர். ஒருவழியா வந்து சேர்ந்தாச்சு. குடையை நட்டாச்சு. பாயை விரிச்சாச்சு. அம்மா "அப்பாடா"ன்னு உட்கார்றாங்க. மூணு வயசு சொல்லுது: "அம்மா, ஒண்ணுக்கு."

சகோதரரே, உங்க கடற்கரையில கழிப்பறை எங்கே? கார் நிறுத்துற இடத்துல. போக 600, வர 600. வந்து உட்கார்ந்தா பையன். "அப்பவே கேட்டேனேடா!" "அப்ப வரலைம்மா." மறுபடி 1,200. அடுத்து தாத்தா. சர்க்கரைக்காரர், வாய் விட்டுக் கேட்க மாட்டார், எழுந்து மணல்மேட்டையே பார்த்துட்டு நிப்பார். அம்மா புரிஞ்சுக்கிட்டுக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. திரும்பி வந்தா மூணு வயசு மறுபடி. எத்தனை நடை? நாலு. நாலே முக்கால் கிலோமீட்டருக்கு மேல! அம்மா கடல்ல கால் நனைச்ச தூரம்? பூஜ்யம்!

இன்னும் முடியலை. படம் எடுத்தவன் கடல் வத்தின நேரத்துல எடுத்திருக்கான், அதான் மணல் மைதானமா விரிஞ்சு கிடக்கு. இவங்களும் வத்தின நேரத்துல வந்து தண்ணி ஓரமாப் பாயை விரிச்சுட்டாங்க. பெரும்பாலான கரைகள்ல ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆனா கடல் ஏறி முடிச்சிரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் உயரமா ஏறும். ஏத்த வத்த நேரம் அட்டவணையாவே கிடைக்குது, கிளம்புற முன்னாடி பார்த்திருந்தா மேட்டுல விரிச்சிருக்கலாம். நாலாவது நடை முடிஞ்சு அம்மா வந்து பார்த்தா, கடல்ல எல்லாத்துக்கும் முன்னாடி இறங்கினது மாத்துத் துணிப் பை!

சிரிக்கிறீங்க. சரி, ஆளில்லாத கரையில கழிப்பறை இல்லைன்னா வந்தவங்க என்ன பண்ணுவாங்க? பாறை மறைவு, மணல்மேட்டுப் பின்பக்கம். மழை பெய்யுது. அதெல்லாம் எங்கே வருது? சகோதரரோட நீலத் தண்ணிக்கு. குளிக்கிற கடல்நீரைச் சோதிக்கிறவங்க கலரையா பார்க்கிறாங்க? குடல்ல வாழ்ற பாக்டீரியா எத்தனைன்னு எண்ணுறாங்க. கனமழை பெய்ஞ்சா ஒண்ணு ரெண்டு நாள் இறங்காதேன்னு சொல்றதும் அதனாலதான். நீலக்கொடின்னு ஒரு சான்று, 1985ல பிரான்சுல ஆரம்பிச்சு இப்ப பல நாட்டுக் கரைகளுக்குத் தர்றாங்க. தண்ணிச் சுத்தம், உயிர்காப்பு, முதலுதவியோட அவங்க கேட்கிறது என்ன தெரியுமா? கழிப்பறை இருக்கா! போய் அவங்ககிட்டச் சொல்லுங்க, கழிப்பறை கேட்டா கடலைப் பார்க்கத் தகுதியில்லைன்னு.

"அமைதியான கடல்"னு உருகினாரே, அதுக்கும் வர்றேன். இதைச் சிரிக்காமக் கேளுங்க. அலை வரிசையா உடைஞ்சுக்கிட்டு வரும்போது நடுவுல ஒரு இடத்துல மட்டும் அலை உடையாது. தண்ணி கொஞ்சம் கருத்து, சாதுவா இருக்கும். "பசங்களை இங்க இறக்கலாம், அலையே இல்லை"ன்னு குடும்பம் தேடிப் போற இடம் அதுதான். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழியும் பெரும்பாலும் அதுதான். ரிப் கரண்ட். நொடிக்கு ரெண்டரை மீட்டர் வரைக்கும் அளந்திருக்காங்க. ஒலிம்பிக் வீரரே 50 மீட்டர் போக 21 நொடி எடுக்கிறார், கணக்குப் போட்டுக்குங்க. மாட்டினவங்க கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுத்தான் களைச்சுப் போறாங்க. மிதக்கணும், கையைத் தூக்கணும், முடிஞ்சா கரைக்கு இணையா நீந்தி விலகணும். கையைத் தூக்கினா பார்க்க ஆள் வேணுமே? ஆளரவம் இல்லாத கரையில யாரைப் பார்த்துத் தூக்குறது?

அதே மாதிரி, கரையிலிருந்து கடல் பக்கமாக் காத்து வீசினா தண்ணி கண்ணாடியாத் தெரியும். காத்தடைச்ச மிதவையில குழந்தையை உட்கார வச்சுப் படம் எடுக்கத் தோணும். மிதவை போயிட்டே இருக்கும். மேல சிவப்பு, கீழே மஞ்சள் கொடி ரெண்டு நட்டிருந்தா அதுக்கு நடுவுல மட்டும் குளிங்க, உயிர்காக்கும் காவலர் கண்ணு அங்கதான் இருக்கும். ஒத்தைச் சிவப்புக் கொடின்னா இறங்காதீங்க. ஊதாக் கொடி பறந்தா ஜெல்லி மீன் மாதிரிக் கொட்டுற ஜீவன் இருக்கு. மணலைக் கையில அள்ளிப் பாருங்க. பெருமணலா இருந்தா பெரும்பாலும் சரிவு செங்குத்து, அலை ஓரத்துலயே மடிஞ்சு ஆளைத் தலைகுப்புற அடிக்கும். பொடி மணலா இருந்தா அனேகமா சரிவு மெதுவா இருக்கும். பத்துப் பதினைஞ்சு எட்டு வச்சும் பெரியவங்களுக்கு முழங்கால் தாண்டலைன்னா பசங்களுக்கு ஏத்த இடம். அப்பவும் கைக்கெட்டுற தூரத்துல ஒருத்தர் நிக்கணும், ஏன்னா மூழ்குற குழந்தை பெரும்பாலும் கத்தாது.

நடுவர் கை மணிகிட்டப் போகுது. ஐயா, ஒரே நிமிஷம்.

கழிப்பறை எங்கேன்னு கேட்கிறவன் யார்னு சகோதரர் கேலி பண்ணினார். கேட்கிறவன் இல்லைங்க, கேட்கிறவள். கேட்கக்கூட மாட்டா. அங்க போனா என்ன இருக்குமோன்னு காலையில எழுந்ததிலிருந்து ஒரு டம்ளர் தண்ணிதான் குடிச்சிருப்பா. 12 லிட்டர் தண்ணியைப் பார்த்துப் பார்த்து எடுத்து வச்சதும் அவதான், உச்சி வெயில்ல அதைத் தொடாம இருக்கிறதும் அவதான். எல்லாரும் தண்ணிக்குள்ள இருக்கிறப்ப பைக்குக் காவல் அவ. பசங்க கரையேறினா துண்டோட நிக்கிறது அவ. குரூப் போட்டோவைப் பாருங்க, அவ இருக்க மாட்டா. எடுக்கிறதே அவதானே! பூட்டி வைக்க ஒரு பெட்டி, பக்கத்துல ஒரு கழிப்பறை, உப்பைக் கழுவ ஒரு குழாய், மேடையில ஒரு காவலர். இவ்வளவும் இருந்தா அவளும் இறங்குவா, முழங்கால் வரைக்காவது! இதைப் போய் வசதின்னு பேர் வச்சு எங்களுக்குக் கொடுத்தீங்க!

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. அம்மா கடைசியா எப்ப கடல்ல கால் நனைச்சாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு மார்க் போடுங்க. மணியடிச்சாச்சு, உட்கார்றேன்.