பாங்காக்கில் ஒரு சனிக்கிழமை

நேயர்களுக்கு வணக்கம்.

பாங்காக் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் வணிக வளாகங்களின் பெயர்களைத்தான் அடுக்குவார்கள். அந்தக் கண்ணாடிக் கடைகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். கையில் ஒரே ஒரு நாள் இருந்தால், அது சனியாகவோ ஞாயிறாகவோ இருக்கட்டும்; சாவ் பிரயா ஆற்றங்கரையிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

காலை எட்டரைக்கு, ஆற்றங்கரையில் இருக்கும் மன்னரின் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்) திறக்கும்போதே வாசலில் நின்றுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஆளை உருக்கிவிடும். அரைக்கால் சட்டை, கையில்லா மேலாடைக்கு அனுமதி இல்லை. மதிலோரம் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "இன்று அரண்மனை லீவு, வேறு கோயில் காட்டுகிறேன்" என்பார். நம்பி டுக்-டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) ஏறினால் வண்டி ரத்தினக் கல் கடையில் போய் நிற்கும். இது பல வருடங்களாக ஓடும் நாடகம். காதில் வாங்காமல் நடங்கள்.

முதலாம் ராமா மன்னர் 1782-ல் கட்டத் தொடங்கிய அரண்மனை இது. உள்ளே கூட்டமெல்லாம் அங்குள்ள கோயிலில் இருக்கும் மரகத புத்தரை நோக்கித்தான் போகும். பெயர்தான் மரகதம்; சிலை பச்சை ஜேட் கல்லில் செய்தது, உயரம் 66 சென்டிமீட்டர். ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது அதற்கு ஆடை மாற்றுவது மன்னரின் கடமை.

தரிசனம் முடிந்ததும் வெளியே ஓடிவிடாதீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள மண்டபச் சுவரில் ராமாயணம் முழுவதும் 178 ஓவியங்களாக ஓடுகிறது. தாய்லாந்துக்காரர்களின் ராமாயணம், ராமகியென். இதில் அனுமன் வெள்ளை வெளேரென்று இருப்பார், பிரம்மச்சாரியும் இல்லை. சேதுவைக் கட்டவிடாமல் கற்களைத் தூக்கிப்போக வரும் ராவணனின் மகளை, மீன் உடல் கொண்ட சுவர்ணமச்சாவை, காதலித்துப் பிள்ளையும் பெறுகிறார். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போனால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்!

பக்கத்திலேயே வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தரின் பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். அப்புறம் படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண் கோயில்.

சரி, மதியத்துக்கு மேல் சந்தை. சனாம் சாய் நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினால், வண்டி மாறாமல் காம்பேங் பெட் போய் இறங்கலாம். வெளியே வந்தால் சத்துசாக் வார இறுதிச் சந்தை. கடைகள் பதினைந்தாயிரத்துக்கும் மேல். ஒரு கடையில் பிடித்ததைப் பார்த்துவிட்டு, அப்புறம் வந்து வாங்கலாம் என்று நகர்ந்தால் அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிப்பது பெரும்பாடு. நடுவில் இருக்கும் மணிக்கூண்டை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பேரத்துக்கு மொழி வேண்டாம். கடைக்காரர் கால்குலேட்டரில் விலையைத் தட்டி நீட்டுவார். நீங்கள் அழித்துவிட்டு உங்கள் விலையைத் தட்டுங்கள். மூன்று சட்டை சேர்த்து எடுத்தால் தானாகவே இறங்கி வருவார். முகத்தைக் கடுமையாக்கினால் மட்டும் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

இரவில் அதே ரயிலில் சனாம் சாய் திரும்புங்கள். நடக்கும் தூரத்தில் பாக் க்லோங் தலாட், விடிய விடிய நடக்கும் பூச்சந்தை. எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மல்லிகை மொட்டுகளைப் பனிக்கட்டியோடு கொட்டி வைத்திருப்பார்கள். பூ கட்டும் பெண்கள் நம்மைப்போல் விரலில் முடிச்சுப் போடுவதில்லை. நீண்ட ஊசியில் மொட்டுகளை வட்டமாக, அடுக்கு அடுக்காகக் கோத்து, நூலில் மெல்ல இழுத்து விடுகிறார்கள். பார்த்தால் பூவென்றே தோன்றாது, கடைந்தெடுத்த தந்தம் மாதிரி இருக்கும். இடையிடையே வருவது எருக்கம்பூ! இங்கே பிள்ளையாருக்குப் போகும் அதே பூ, அங்கே கல்யாண மாலையில் மணக்கோலம் காண்கிறது. பக்கத்துக் கடையில் தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து, வேறொரு பூவாகவே ஆக்கித் தருவார்கள்.

கடைசியாக ஒன்று. சந்தையில் பெரிய புத்தர் சிலை எதையாவது பார்த்து ஆசைப்பட்டால், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தாய்லாந்து அரசின் நுண்கலைத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். கடைக்காரரே வாங்கித் தருவாரா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.