மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது?

தாய்மார்களே, சகோதரிகளே, வணக்கம்.

மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் அடியோடு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சினைப்பை அதைச் சுரப்பதை நிறுத்துவது உண்மைதான். ஆனால் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஸ்டெனிடயோன் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கிறது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும்.

அதோடு முடியவில்லை. பாலின ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது. அந்தப் பிடியில் இருக்கும் ஹார்மோன் வேலை செய்யாது. வயிற்றில் கொழுப்பு சேர்ந்து ரத்தத்தில் இன்சுலின் ஏறும்போது இந்தப் புரதம் குறைகிறது. கட்டில்லாமல் திரியும் ஹார்மோன் அதிகமாகிறது. மார்பகமும் கருப்பையின் உட்சுவரும் வருடக்கணக்கில் அந்தத் தூண்டுதலிலேயே இருக்கின்றன. கருப்பைக்கு இன்னும் சங்கடம், தூண்டுதலை அடக்கிவைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இப்போது இல்லை. இந்த இரண்டு இடத்திலும் புற்றுநோய் அபாயம் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"நான் ஒல்லிதானே டாக்டர்" என்பீர்கள். எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். இந்த வயதில் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்தாலும் எடை அப்படியே இருக்கும். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை, சரியாக இருந்த 3,460 பெண்களின் உடல் கொழுப்பை ஸ்கேனில் அளந்து பல ஆண்டுகள் கவனித்தார்கள். கொழுப்பு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு! அதனால் இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.தான் எல்லை.

சரி, குறைத்தால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எடை கூடிய 439 பெண்களை வைத்து ஓராண்டு சோதித்தார்கள். எல்லோரும் 50 முதல் 75 வயதுக்காரர்கள். உணவையும் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான ஈஸ்ட்ரடையால் சுமார் 20 சதவீதம் இறங்கியது, எஸ்.எச்.பி.ஜி. சுமார் 26 சதவீதம் ஏறியது. சாப்பாட்டை மாற்றாமல் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இந்த அளவு மாற்றம் இல்லை. அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள், தசைக்கும் எலும்புக்கும் அது வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதை வீட்டில் அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்லுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு துளி ரத்தம் பட்டாலும், வெட்கப்படாமல் அந்த வாரமே மருத்துவரிடம் போய்க் காட்ட வேண்டும்.